சி மொழியிற் சுட்டிகளைத் திருப்பியளித்தல்: ஆயுள், உடைமை, பொறுப்பு என்பன பற்றிய ஒரு நோக்கு

1. தோற்றுவாய்

கணினிக்கான செய்நிரல்களை எழுதுதல் பொறியியலாளர்க்கே உரியதொரு தொழினுட்பக் காரியம் என்றும், மொழியையும் சமூகத்தையும் பற்றிச் சிந்திப்போர் அதனுள் நுழைந்து பெறத்தக்கது யாதுமில்லை என்றும் கருதும் போக்கு நம் கல்வியுலகிற் பரவலாகக் காணப்படுகின்றது. இக்கருத்து மறுபரிசீலனைக்கு உரியது. செய்நிரல் ஒன்றனை இயந்திரம் நிறைவேற்றுகின்றது. ஆயின் அதனை எழுதுவோரும் வாசிப்போரும் திருத்துவோரும் மனிதரே. ஒருவர் எழுதிய பகுதியை அவரை ஒருபோதும் கண்டிராத இன்னொருவர் பத்தாண்டுகளுக்குப் பின்னர் பயன்படுத்துகின்றார். அவ்விருவருக்குமிடையே எழுதப்பட்டும் எழுதப்படாமலும் நிலவும் உடன்பாடுகளே பெருஞ் செய்நிரல்களைத் தாங்கி நிற்கின்றன. அவ்வுடன்பாடு குலையுமிடத்து ஏற்படும் சேதம், வங்கிக் கணக்குகளிலிருந்து வைத்தியசாலைப் பதிவேடுகள் வரை, அச்செய்நிரலின் பெயரையே அறியாத மக்கள்மீது விழுகின்றது.

அத்தகைய உடன்பாடுகளுள் ஒன்றை மாத்திரம் எடுத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 'சி' எனப்படும் செய்நிரல் மொழியிலே, ஒரு சார்பு தன் பணியை முடித்துத் திரும்பும்போது ஒரு பொருளைக் கையளிக்காது, அப்பொருள் இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் கையளிக்குமாயின், அம்முகவரி எவ்வளவு காலத்துக்கு நம்பத்தக்கது? அம்முகவரியிலுள்ள பொருள் யாருக்குரியது? அதனை அழிக்கும் கடமை யாரைச் சார்ந்தது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காணாது எழுதப்படும் சார்பு, இன்று சரியாக இயங்கினும் நாளை தவறும் என்பதை நாம் காட்ட முற்படுவோம்.

2. சுட்டும் சுட்டப்படுவதும்

கணினியின் நினைவகத்தை, வரிசையாக இலக்கமிடப்பட்ட சிறு அறைகளின் தொடராக உருவகித்துக் கொள்ளலாம். ஒவ்வோர் அறையும் ஒரு பைற் அளவினது. அறையின் இலக்கமே அதன் முகவரி. ஒரு மாறியின் முகவரியைத் தன் பெறுமானமாகக் கொண்டிருக்கும் இன்னொரு மாறியைச் சி மொழியிற் சுட்டி என்கின்றோம். 

'சுட்டி' என்ற கலைச்சொல் தமிழ் இலக்கண மாணவருக்குப் புதியதன்று. அ, இ, உ என்பன சுட்டெழுத்துக்கள். இவற்றுள் உகரச்சுட்டு தமிழகப் பேச்சுவழக்கிற் பெரிதும் அருகிவிட, யாழ்ப்பாணப் பேச்சிலே உது, உவர், உங்கை என இன்றும் உயிருடன் வழங்குகின்றது. சுட்டுச்சொல்லுக்கெனத் தனிப்பொருள் இல்லை. அது எதனைச் சுட்டுகின்றதோ அதனாலேயே பொருள் பெறுகின்றது. சுட்டப்படுவது மறைந்த பின்னரும் சுட்டு எஞ்சி நிற்கக்கூடும் என்பதே ஈண்டு நாம் மனங்கொள்ள வேண்டியது.

ஒரு கிணற்றருகே, 'இந்நீர் குடிக்கத்தக்கது' என்றொரு பலகை நாட்டப்பட்டுள்ளது எனக் கொள்வோம். கிணறு தூர்ந்து போகின்றது. அவ்விடத்திலேயே கழிவுநீர்க் குழியொன்று வெட்டப்படுகின்றது. பலகையை எவரும் அகற்றவில்லை. பலகையில் எழுத்துக்கள் மாறவில்லை. அது காட்டும் இடமும் மாறவில்லை. எனினும் பலகையை நம்பி வருபவர் அருந்தப்போவது வேறு நீர். சார்பிலிருந்து தவறாகத் திருப்பியளிக்கப்படும் சுட்டியின் இயல்பு இதுவே. இத்தகைய சுட்டியைச் செய்நிரலாளர் 'தொங்கும் சுட்டி' என வழங்குவர்.

3. பொருள்களின் ஆயுள்

சி மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஆயுட்காலம் உண்டு. அம்மொழியின் நியமம் இதனை வெளிப்படையாக வரையறுக்கின்றது. நம் விளக்கத்துக்கு வேண்டிய ஆயுள்வகைகள் மூன்றாம்.

முதலாவது, நிலையான ஆயுள். எல்லாச் சார்புகளுக்கும் வெளியே அறிவிக்கப்படும் மாறிகளும், சார்பினுள்ளே 'ஸ்ரற்றிக்' என்னும் அடைமொழியுடன் அறிவிக்கப்படும் மாறிகளும், மேற்கோட் குறிகளுக்குள் எழுதப்படும் எழுத்துச் சரங்களும் இவ்வகையின. செய்நிரல் தொடங்குவது முதல் முடிவது வரை இவை நிலைத்திருக்கும்.

இரண்டாவது, தன்னியக்க ஆயுள். சார்பினுள்ளே அடைமொழியின்றி அறிவிக்கப்படும் மாறிகள் யாவும் இவ்வகையின. அவை அறிவிக்கப்பட்ட தொகுதிக்குள் இயக்கம் புகும்போது பிறந்து, அத்தொகுதியை விட்டு இயக்கம் நீங்கும்போது இறக்கின்றன. 

மூன்றாவது, ஒதுக்கப்பட்ட ஆயுள். 'மலொக்' முதலிய நூலகச் சார்புகளை அழைத்துச் செய்நிரலாளர் கேட்டுப் பெறும் இடம் இது. 'ஃபிறீ' என்னும் சார்பை அழைத்து விடுவிக்கும் வரை அது வாழும். (2011ஆம் ஆண்டின் நியமம் இழைகளுக்குரிய நான்காவது வகையொன்றையும் சேர்த்தது. அது நம் வாதத்தை மாற்றாது.)

தன்னியக்க மாறிகள் நடைமுறையில் 'அடுக்கு' எனப்படும் நினைவகப் பகுதியில் இடம்பெறுகின்றன. உணவுத் தட்டுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போல, சார்பொன்று அழைக்கப்படும்போது அதற்குரிய சட்டகம் அடுக்கின் உச்சியில் வைக்கப்படுகின்றது. சார்பு திரும்பும்போது அச்சட்டகம் நீக்கப்படுகின்றது. 'நீக்குதல்' என்பது ஈண்டு ஒரு வழக்குச் சொல்லே. உண்மையில் எதுவும் அழிக்கப்படுவதில்லை. உச்சி எங்குள்ளது என்பதைக் குறிக்கும் இலக்கம் மட்டும் மாற்றப்படுகின்றது. பழைய எழுத்துக்கள் அவ்விடத்திலேயே கிடக்கும், அடுத்த சார்பு வந்து தன் எழுத்துக்களை அவற்றின்மேல் எழுதும் வரை. நியமம் அடுக்கு என்ற சொல்லைக் கொண்டு எதனையும் வரையறுக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அது ஆயுளை மட்டுமே கூறுகின்றது. ஆயுளை நடைமுறைப்படுத்தும் முறையைத் தொகுப்பானுக்கு விட்டுவிடுகின்றது.

4. பிழையின் இயக்கம்

ஓர் எண்ணை எழுத்துச் சரமாக மாற்றித் தரும் சார்பொன்றை எழுத விரும்புகின்றோம் எனக் கொள்வோம். 32 பிற் அளவுள்ள முழுவெண்ணின் மிகச் சிறிய பெறுமானம் மறைக் குறியுடன் 2147483648 ஆகும். குறிக்கு ஒன்று, இலக்கங்களுக்குப் பத்து, சரத்தின் முடிவைக் காட்டும் பூச்சியத்துக்கு ஒன்று என 12 பைற்கள் போதும். எனவே சார்பினுள்ளே 12 எழுத்துக்கள் கொண்ட ஓர் அணியை அறிவித்து, இலக்கங்களை அதில் நிரப்பி, இறுதியில் அணியின் பெயரைத் திருப்பியளிக்கின்றோம். வாசிப்போர்க்கு இது முற்றிலும் இயல்பானதாகவே தோன்றும்.

நிகழ்வது வேறு. சி மொழியில் அணியின் பெயர், ஏறத்தாழ எல்லா இடங்களிலும், அதன் முதல் உறுப்பின் முகவரியாக மாறிவிடும். ஆகவே திருப்பியளிக்கப்பட்டது 12 எழுத்துக்களும் அன்று. முதலெழுத்தின் முகவரி மாத்திரமே. சார்பு திரும்பிய கணத்திலே அணியின் ஆயுள் முடிந்துவிட்டது. அழைத்தவர் கையில் இருப்பது தூர்ந்த கிணற்றின் பலகை. அவர் அச்சரத்தை அச்சிடுவதற்கு இன்னொரு சார்பை அழைக்கின்றார். அச்சிடும் சார்பு தனக்குரிய சட்டகத்தை அதே இடத்தில் விரிக்கின்றது. அச்சிட வேண்டிய எழுத்துக்களின்மேல் அச்சிடுவோனே தன் குறிப்புக்களை எழுதிவிடுகின்றான். 

அதே சார்பு எண்ணை மாத்திரம் திருப்பியளித்திருப்பின் இடர் எதுவுமில்லை. எண்ணின் பெறுமானம் பிரதி செய்யப்பட்டு அழைத்தவரிடம் சேரும். மூலம் அழிந்தாலும் பிரதி வாழும். பல உறுப்புக்கள் கொண்ட கட்டமைப்பொன்றையும் சி மொழியில் இவ்வாறு முழுமையாகப் பிரதி செய்து திருப்பியளிக்கலாம். அக்கட்டமைப்பினுள் அணியொன்று இருப்பின் அதுவும் உடன் பிரதியாகும். தனித்த அணிக்கு மட்டும் இவ்வுரிமை இல்லை. 

இப்பிழையின் மிகக் கொடிய பண்பு, அது உடனடியாக வெளிப்படாமையாகும். பழைய எழுத்துக்கள் மேலெழுதப்படும் வரை அப்படியே கிடத்தலால், பரிசோதனையின்போது சரியான விடை கிடைக்கக்கூடும். பின்னர் ஒரு நாள் வேறொரு பகுதியில் ஒரு வரி சேர்க்கப்படுகின்றது, அல்லது தொகுப்பான் மாற்றப்படுகின்றது, விடை சிதைகின்றது. சேர்த்தவர் குற்றவாளியாகத் தோன்றுவார். உண்மைக் காரணம் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வரியில் மறைந்திருக்கும்.

நியமமும் இவ்விடயத்தில் எவ்வித உறுதிமொழியும் அளிப்பதில்லை. பொருளின் ஆயுள் முடிந்ததும் அதனைச் சுட்டிய சுட்டியின் பெறுமானமே நிர்ணயமற்றதாகிவிடுகின்றது. அச்சுட்டியினூடாகப் பொருளை அணுகுதல் 'வரையறுக்கப்படாத நடத்தை' எனப்படும். அதாவது, அதன்பின் செய்நிரல் எவ்வாறு நடந்துகொள்ளினும் அது நியமத்துக்கு மாறானதன்று. தவறான விடையும் வரலாம். சரியான விடையும் வரலாம். செய்நிரல் நின்றும் போகலாம். 

5. இந்நிலை தோன்றிய வரலாற்றுச் சூழல்

இத்தகைய ஆபத்தை ஒரு மொழி ஏன் அனுமதித்தது என்ற வினா எழுதல் இயல்பே. அதனை வகுத்தோரின் கவனக்குறைவு என விடையளித்தல் வரலாற்றுணர்வற்ற கூற்றாகும். 

1967இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் றிச்சாட்ஸ் வகுத்த பீ.சீ.பீ.எல். என்னும் மொழியிலிருந்து, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன் 'பி' என்னும் மொழியை உருவாக்கினார். அதிலிருந்து 1971க்கும் 1973க்கும் இடையில் டெனிஸ் றிச்சி சி மொழியை வளர்த்தெடுத்தார். 1973இல் யுனிக்ஸ் இயக்கத் தொகுதியின் கருப்பகுதி சி மொழியில் மீள எழுதப்பட்டது. அவர்கள் முதலிற் பயன்படுத்திய பீ.டீ.பீ.-11 இயந்திரத்தின் நினைவகம் 24 கிலோபைற் மாத்திரமே. அதிற் பாதியை இயக்கத் தொகுதியே எடுத்துக்கொண்டது. பெரிய பொருள்களைப் பிரதி செய்தலும், ஒவ்வொரு சுட்டியும் செல்லுபடியாகுமா என இயங்குகாலத்தில் ஆராய்தலும் அச்சூழலில் எண்ணிப் பார்க்க முடியாத ஆடம்பரங்கள். அணியின் பெயர் முகவரியாக மாறும் விதியும் இக்காலத்திலேயே வகுக்கப்பட்டது.

அன்று அம்மொழியை எழுதியோரும் பயன்படுத்தியோரும் ஏறத்தாழ ஒரே குழுவினர். எந்தச் சார்பு எதனை எவ்வளவு காலம் காக்கும் என்பது அவர்களுக்கு நேரிற் பேசித் தெரிந்த விடயம். 1978இல் பிறையன் கேர்னிகனும் றிச்சியும் எழுதிய நூல் வெளிவந்தது. 1989இல் அமெரிக்க நியமமும் 1990இல் சர்வதேச நியமமும் வகுக்கப்பட்டன. மொழி உலகெங்கும் பரவியது. சிறு குழுவின் வாய்மொழி வழக்காக இருந்த ஒழுங்கு, ஒருவரையொருவர் அறியாத இலட்சக்கணக்கானோர் மீது அதே வாய்மொழி நிலையிலேயே சுமத்தப்பட்டது. நியமத்தோடு வெளியிடப்பட்ட விளக்கவுரை, 'செய்நிரலாளனை நம்பு' என்பதை மொழியின் அடிப்படை உணர்வுகளுள் ஒன்றாக எடுத்தோதியது. உற்பத்தியின் அளவும் தன்மையும் மாறிய பின்னரும் பழைய கைவினைக் குழுவின் நெறி நீடித்தமையே முரண்பாட்டின் ஊற்றுக்கண் எனலாம்.

6. பாதுகாப்பான வழிகள்

சுட்டியைத் திருப்பியளித்தல் தன்னளவிற் குற்றமன்று. சுட்டப்படும் பொருள், சார்பை விட நீண்ட ஆயுள் உடையதாயிருத்தல் வேண்டும் என்பதே ஒரே விதி. இவ்விதியை நிறைவேற்றும் வழிகள் நான்கு. ஒவ்வொன்றும் பொறுப்பை ஒவ்வொரு விதமாகப் பங்கிடுகின்றது.

(அ) அழைப்பவரே இடமளித்தல்

அழைப்பவர் தம் அணியொன்றின் முகவரியையும் அதன் அளவையும் சார்புக்குக் கொடுக்கின்றார். சார்பு அதில் எழுதி, அதே முகவரியைத் திருப்பியளிக்கின்றது. கோப்பிலிருந்து ஒரு வரியை வாசிக்கும் 'எஃப்-கெற்ஸ்' இம்முறையைப் பின்பற்றுகின்றது. 1999ஆம் ஆண்டு நியமத்திற் சேர்ந்த 'எஸ்-என்-பிறின்ற்-எஃப்' உம் அளவைக் கேட்டுப் பெறுகின்றது. நம் எண்மாற்றுச் சார்புக்கு இதுவே மிகப் பொருத்தமான வழி. இடத்தை உண்டாக்குபவரும் முடிப்பவரும் ஒருவரேயாதலின் உடைமை பற்றிய ஐயம் எழுவதில்லை.

அளவைச் சொல்லாது இடத்தை மட்டும் கொடுத்தல் இதனினும் கொடிய பிழைக்கு இட்டுச்செல்லும். 'கெற்ஸ்' என்னும் பழைய சார்பு அளவைக் கேட்பதேயில்லை. வரியின் நீளம் எவ்வளவாயினும் எழுதிக்கொண்டே செல்லும். 1988 நவம்பரில் இணையத்திற் பரவிய மொறிஸ் புழு, இச்சார்பைப் பயன்படுத்திய சேவைச் செய்நிரலொன்றின் வழியாகவும் இயந்திரங்களுட் புகுந்தது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2011ஆம் ஆண்டின் நியமத்திலேயே அச்சார்பு நீக்கப்பட்டது. 

(ஆ) நிலையான இடத்தைச் சுட்டுதல்

சார்பினுள் இருக்கும் அணிக்கு 'ஸ்ரற்றிக்' என்னும் அடைமொழியைச் சேர்த்தால் அது செய்நிரல் முடியும்வரை வாழும். ஆயுட் சிக்கல் தீர்ந்தது; பகிர்வுச் சிக்கல் தோன்றுகின்றது. எத்தனை முறை அழைத்தாலும் அணி ஒன்றே. நேரத்தைச் சரமாக்கித் தரும் 'சீ-ரைம்' இவ்வாறே அமைந்தது. இரு வேறு நேரங்களை அதனிடம் கொடுத்து, இரு விடைகளின் சுட்டிகளையும் வைத்துக்கொண்டு பின்னர் ஒருங்கே அச்சிட்டால், ஒரே நேரம் இருமுறை அச்சாகும். இரண்டாம் அழைப்பு முதலாவதன் விடையை அழித்துவிட்டது. பல இழைகள் ஒரே வேளையில் இயங்கும் செய்நிரல்களில் ஓரிழை வாசித்துக்கொண்டிருக்கையில் இன்னோரிழை மேலெழுதக்கூடும். 2024இல் வெளியான, சி-23 என வழங்கும் நியமம், 'சீ-ரைம்' என்பதைக் கைவிடத்தக்க சார்பாக அறிவித்துள்ளது.

மேற்கோட் குறிக்குட்பட்ட சரத்தைத் திருப்பியளித்தல் இதன் பாதுகாப்பான கிளை. மாதத்தின் எண்ணைப் பெற்று அதன் பெயரைத் தரும் சார்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெயர்கள் மாறுவதில்லை. ஆயின் அச்சரங்களை மாற்ற முயல்வது வரையறுக்கப்படாத நடத்தையாகும். ஆதலின் திருப்பியளிக்கும் சுட்டியின் வகையில் 'கொன்ஸ்ற்' என்னும் அடைமொழியைச் சேர்த்து, வாசிக்கலாம் எழுதலாகாது என அறிவித்தல் வேண்டும்.

(இ) புதிய இடத்தை ஒதுக்கிக் கையளித்தல்

சார்பு 'மலொக்' மூலம் இடத்தைப் பெற்று, நிரப்பி, அதன் முகவரியைத் திருப்பியளிக்கின்றது. விடையின் நீளத்தை அழைப்பவர் முன்கூட்டி அறியமுடியாதபோது இவ்வழி பெரிதும் வேண்டப்படும். நீண்டகாலமாக யுனிக்ஸ் உலகில் வழங்கி, சி-23 நியமத்தில் இடம்பெற்ற 'ஸ்ற்ர்-டப்' ஒரு சரத்தின் பிரதியை இவ்வாறு தருகின்றது.

இங்கே உடைமை கைமாறுகின்றது. உண்டாக்கியவர் ஒருவர், முடிக்க வேண்டியவர் இன்னொருவர். அழைத்தவர் 'ஃபிறீ' சொல்லாவிடின் நினைவகம் கசியும். நாட்கணக்கில் இயங்கும் சேவைச் செய்நிரலில் சிறு கசிவும் பெருகி இயந்திரத்தை மூச்சடைக்கச் செய்யும். இருமுறை 'ஃபிறீ' சொன்னால், அல்லது சொன்னபின் அதே முகவரியைப் பயன்படுத்தினால், நாம் தவிர்க்க முயன்ற தொங்கும் சுட்டியே வேறு வாயிலால் மீண்டும் புகுந்துவிடும். இடம் கிடைக்காதபோது 'மலொக்' வெற்றுச்சுட்டியைத் தரும். அதனைச் சோதியாது எழுதத் தொடங்குதலும் பிழை. ஒதுக்கிய இடத்தைப் பெருக்கும் 'றீ-அலொக்' பொருளை வேறிடத்துக்கு நகர்த்தக்கூடும். நகர்த்தினால் பழைய முகவரியை வைத்திருக்கும் ஏனைய சுட்டிகள் யாவும் அக்கணமே செல்லாதனவாகும். அது தோல்வியுற்றால் வெற்றுச்சுட்டியைத் தந்து பழைய இடத்தை அப்படியே விட்டுவைக்கும். ஆகவே விடையைப் பழைய சுட்டியின்மேலேயே எழுதிவிடுதல், விடுவிக்க வேண்டிய இடத்தின் ஒரே முகவரியைத் தொலைப்பதாகும்.

'உடைமை' என்ற சொல்லைச் சி நியமம் ஒரு மொழிவிதியாக எங்கும் வகுக்கவில்லை. ஒரு சுட்டியைக் கண்ட மாத்திரத்தில் அதனை நாம் விடுவிக்க வேண்டுமா, விடுவிக்கவே கூடாதா என்பதை அறிய வழியில்லை. நிலையான இடத்தின் சுட்டியும் ஒதுக்கிய இடத்தின் சுட்டியும் வகையால் ஒன்றே. வேறுபாடு ஆவணத்தில் எழுதப்பட்ட ஒரு வாக்கியத்தில் மட்டுமே வாழ்கின்றது. அவ்வாக்கியம் எழுதப்படாவிடின் அது எங்குமே இல்லை.

(ஈ) உள்வந்த சுட்டியை அல்லது அதன் பகுதியைத் திருப்பியளித்தல்

சரமொன்றினுள் ஓர் எழுத்தைத் தேடும் சார்பு, கண்டுபிடித்த இடத்தின் முகவரியைத் தருகின்றது. புதிதாக எதுவும் உண்டாகவில்லை. விடையின் ஆயுள், கொடுக்கப்பட்ட சரத்தின் ஆயுளே. அழைத்தவர் அச்சரத்தை விடுவித்தால் விடையும் உடனே மடியும். இதனை உடைமை மாறாத 'இரவல்' எனலாம். இவ்வகைச் சார்பான 'ஸ்ற்ர்-சார்' நெடுங்காலமாக ஒரு குறை உடையதாயிருந்தது: எழுதலாகாது என்ற அடைமொழியுடன் சரத்தைப் பெற்று, அவ்வடைமொழியின்றி விடையைத் தந்தது. உள்ளே செல்லும்போது இருந்த தடை வெளியே வரும்போது நழுவிப்போயிற்று. சி-23 நியமம், கொடுக்கப்பட்ட அடைமொழி விடையிலும் தொடருமாறு இதனைத் திருத்தியது.

7. மறைமுக வழிகள்

தன்னியக்க மாறியின் முகவரியை நேரடியாகத் திருப்பியளித்தலை இன்றைய தொகுப்பான்கள் பெரும்பாலும் கண்டுபிடிக்கும். ஜீ.சீ.சீ. தொகுப்பான் கேளாமலே இதற்கு எச்சரிக்கை தரும். எனினும் அது எச்சரிக்கையே. செய்நிரல் தொகுக்கப்பட்டு இயங்கவும் செய்யும். எச்சரிக்கைகளைப் பிழைகளாகவே கொள்ளுமாறு தொகுப்பானைப் பணித்தல் நல்வழக்கமாகும்.

எல்லா வழிகளையும் தொகுப்பான் காண்பதில்லை. உள்மாறியின் முகவரியை, அழைத்தவர் கொடுத்த கட்டமைப்பொன்றின் உறுப்பிலே பதித்துவிட்டு, அக்கட்டமைப்பைத் திருப்பியளிக்கலாம். பொது மாறியொன்றில் அதனைச் சேமிக்கலாம். வேறொரு சார்புக்குக் கொடுத்து அச்சார்பு திருப்பித் தந்ததைத் திருப்பியளிக்கலாம். 1999 நியமத்தில் வந்த கூட்டு மாறிலி, தோற்றத்தில் மேற்கோட் சரத்தை ஒத்திருப்பினும், சார்பினுள் எழுதப்பட்டால் அத்தொகுதியின் ஆயுளையே உடையது; சரத்தைப் போல நிலைத்திருக்காது. இவையனைத்திலும் திருப்பியளிக்கும் வரியைத் தனித்து நோக்குவோர்க்குப் பிழை புலப்படாது.

ஆதலால் இயங்குகாலக் கருவிகளின் துணை வேண்டப்படுகின்றது. 2002இல் வெளியான வல்கிறைண்ட், 2012இல் விவரிக்கப்பட்ட அட்றெஸ்-சனிற்றைசர் ஆகியன, விடுவிக்கப்பட்ட இடத்தை அணுகுதல் போன்றவற்றை நிகழும் கணத்திலேயே பிடித்துக்காட்டுகின்றன. ஆயினும் அவை பரிசோதனையில் உண்மையாக நடந்த பாதைகளை மட்டுமே அறியும். நடக்காத பாதையிலுள்ள பிழை பத்திரமாகவே இருக்கும்.

8. பொறுப்பு யாருடையது?

தொங்கும் சுட்டி பற்றிய உரையாடல்களிற் பெரும்பாலும் கேட்கப்படும் தீர்ப்பொன்று உண்டு: 'திறமையுள்ள செய்நிரலாளன் இத்தவற்றைச் செய்யான்.' இக்கூற்றைக் கூர்ந்து நோக்குதல் தகும். 2019இல் மைக்றோசொஃப்ற் நிறுவனம், தான் ஆண்டுதோறும் திருத்தி வெளியிடும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 வீதம் நினைவகப் பாதுகாப்பின்மையால் விளைந்தவை எனத் தெரிவித்தது. 2020இல் குறோமியம் உலாவித் திட்டத்தினர் தம் கடுமையான குறைகளுக்கும் அதே 70 வீதத்தைக் குறிப்பிட்டனர். அவற்றிற் பாதியளவு, விடுவித்தபின் பயன்படுத்தல் என்ற வகையைச் சேர்ந்தவை. இவை பயிற்சியற்றோரின் ஆக்கங்களல்ல. உலகின் மிக வசதிமிக்க நிறுவனங்களில், மிகத் தேர்ந்த கருவிகளுடன் எழுதப்பட்டவை. இவற்றுட் பெரும்பகுதி சி மொழியின் வழித்தோன்றலான சி++ மொழியில் அமைந்ததெனினும் சுட்டியின் இயல்பு இரண்டிலும் ஒன்றே. நாம் விளக்கிய பிழை இத்தொகுதியின் ஒரு சிறு கிளையே என்பதும் உண்மை. எனினும் வேர் பொதுவானது: பொருளின் ஆயுளும் உடைமையும் எழுதியவரின் மனத்தில் இருந்தன, பனுவலில் இல்லை.

ஒரே தவறு, வெவ்வேறு நிறுவனங்களில், பல தலைமுறைகளாக மீள நிகழுமாயின் அதனைத் தனிமனிதக் கவனக்குறைவாக விளக்கவியலாது. உழைப்பு ஒழுங்கமைக்கப்பட்டுள்ள முறையிலும் கருவியின் இயல்பிலும் அதற்கான காரணத்தைத் தேடல் வேண்டும். திறமை பற்றிய தீர்ப்பு, அவசரத்தில் எழுதுவித்த நிறுவனத்தையும் சோதியாத கருவியையும் விடுவித்து, கடைசி வரியை எழுதியவர் மீதே முழுச்சுமையையும் ஏற்றுகின்றது. நியமக்குழுவினரே இதனை உணர்ந்தனர்: 2011 நியமத்துக்கான பணியைத் தொடங்கியபோது, செய்நிரலாளனை நம்புதல் என்ற நெறி பாதுகாப்பை நாடும் துறைகளைப் பொறுத்தவரை காலாவதியானது எனத் தம் சாசனத்திற் குறித்தனர்.

மாற்று வழிகள் முன்பும் இருந்தன. ஜோன் மக்காதியின் லிஸ்ப் மொழி 1960 அளவிலேயே, பயனற்ற பொருள்களை இயந்திரமே திரட்டி அகற்றும் முறையைக் கையாண்டது. கோ மொழியில் உள்மாறியின் முகவரியைத் திருப்பியளித்தல் முற்றிலும் முறையானது. முகவரி வெளியேறுவதைத் தொகுப்பான் கண்டறிந்து அம்மாறியைக் குவியலில் வைக்கும். 2015இல் முதற் பதிப்பு வெளியான றஸ்ற் மொழி வேறொரு பாதையை எடுத்தது. அதிலே உடைமை, இரவல், ஆயுள் என்பன மொழியின் விதிகளாகவே அமைந்தன. இறந்துபோகும் மாறியின் இரவலைத் திருப்பியளிக்க முயலும் சார்பைத் தொகுப்பான் ஏற்க மறுக்கும். சி செய்நிரலாளர் வழிவழியாக மனத்திற் காத்த நெறியே அங்கு எழுத்துச் சட்டமாயிற்று. 2024 பெப்ருவரியில் அமெரிக்க வெள்ளை மாளிகையின் இணையவெளிப் பணிப்பாளர் அலுவலகம், நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாறுமாறு அறிக்கையொன்றில் வற்புறுத்தியது.

இவற்றால் சி மொழி வழக்கொழிந்துவிடும் என முடிவு கட்டுதல் தவறு. இயக்கத் தொகுதிகளின் கருப்பகுதிகளும், சிறு கருவிகளுட் பொதிந்த எண்ணிறந்த செய்நிரல்களும் சி மொழியிலேயே உள்ளன. அவற்றை வாசித்துக் காப்போர் இனியும் பல்லாண்டுகளுக்குத் தேவைப்படுவர்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், சுட்டியைத் திருப்பியளிக்கும் எந்தச் சார்பையும் எழுதுமுன் ஐந்து வினாக்களுக்கு விடை காணல் வேண்டும் என்பது பெறப்படும். சுட்டப்படும் பொருளை உண்டாக்கியவர் யார்? சார்பு முடிந்தபின் அது எவ்வளவு காலம் வாழும்? அதனை விடுவிக்கும் கடமை யாருக்கு, எச்சார்பின் மூலம்? அதனை வேறு யார் பகிர்கின்றனர்? பெறுபவர் அதில் எழுதலாமா? முதலிரு வினாக்களுக்குத் தெளிவான விடை இல்லையாயின் சுட்டியைத் திருப்பியளிக்கலாகாது. பெறுமானத்தைப் பிரதி செய்து அளித்தல், அல்லது அழைப்பவரிடமே இடம் கேட்டல் தக்கது. விடை உண்டாயின் அதனைச் சார்பின் தலைப்பிலேயே வாக்கியமாக எழுதிவைத்தல் வேண்டும். 'திருப்பியளிக்கப்படுவதை அழைப்பவர் விடுவிக்க வேண்டும்' என்ற ஒருவரி, பின்வரும் ஒருவரின் பலநாள் உழைப்பைக் காக்கும்.

அவ்வாக்கியம் எம்மொழியில் எழுதப்படல் வேண்டும் என்பதும் நமக்குரிய வினாவே. 19ஆம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்தில் கிறீன் வைத்தியர் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களையும் ஆக்குவித்தார். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் அரசகரும மொழித் திணைக்களம் அறிவியற் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. கலைச்சொற்களைப் பட்டியலிடுவதோடு அப்பணி நின்றுவிடலாகாது. ஒரு பிழை எவ்வாறு பிறக்கின்றது, அதன் சுமை யார்மீது விழுகின்றது என்பதைத் தமிழிலேயே படிப்படியாக எடுத்து வாதிக்கும்போதுதான், அச்சொற்கள் தாம் சுட்டும் பொருளோடு வாழத் தொடங்கும்.